கையெழுத்துப் போடும் உரிமை

ஆர்க்கிடெக்ட் படிப்பு ஐந்து வருடம். சேர்ந்த நாளிலிருந்து எட்டு வருடத்துக்குள் எல்லாப் பாடத்தையும் முடித்துவிட வேண்டும். முடிக்காவிட்டால் அதுவரை படித்தது எதுவும் செல்லாது. 2023 நவம்பரில் மல்லசமுத்திரம் அறிவுமதிக்கு ஏழு வருடம் மூன்று மாதம் ஓடிப்போயிருந்தது. ஒரே ஒரு பாடம் மட்டும் நின்றிருந்தது.

அந்தப் பாடத்துக்கு ஸ்ட்ரக்சர்ஸ் என்று பெயர். தூணும் பீமும் தளமும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுகிற பாடம். அதில் அவள் ஐந்து முறை தவறியிருந்தாள். ஒவ்வொரு முறையும் கைப்பேசியில் தேர்வு முடிவைத் திறந்தால் அந்தப் பாடத்துக்கு நேராக ‘ஆர்.ஏ.’ என்று இருக்கும். மறுபடி எழுது என்று அர்த்தம். அந்த இரண்டு எழுத்தைப் பார்த்துப் பார்த்து, தேர்வு முடிவு வருகிற மாதம் பிறந்தாலே அவளுக்குச் சோறு இறங்காமல் போனது.

அப்பா ஆண்டி சென்ட்ரிங் மேஸ்திரி. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் முட்டுக் கொடுத்துத் தகடும் பலகையும் அடித்து, கான்கிரீட் இறுகிய பின் பிரித்தெடுக்கிற வேலை. அவரிடம் ஒன்பது பேர் வேலை செய்தார்கள். அம்மா சின்னாயி நூல் மில்லுக்குப் போய்வந்தாள். வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அறிவுமதி பதினொன்றாம் வகுப்பு படித்தபோது ஒரு விடுமுறை நாளில் அப்பா வேலை செய்த கட்டடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண்மணி அங்கே அடித்திருந்த பலகையை டேப்பால் அளந்துவிட்டு, ஜன்னல் இரண்டு அங்குலம் இறங்கியிருக்கிறது, பிரித்து அடியுங்கள் என்றார். வீட்டுக்காரர், இஞ்சினியர், கொத்தனார் எல்லோரும் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டார்கள்.

“யாருப்பா அவங்க?”

“ஆர்க்கிடெக்ட்டாமா சாமி. அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் ப்ளானே பாஸாகுமாமா.”

“அதுக்கு என்ன படிக்கோணும்?”

ஆண்டிக்குத் தெரியவில்லை. பத்து நாள் கழித்து யாரிடமோ விசாரித்து வந்தார். “கணக்கு எடுத்துப் படிச்சிருக்கோணுமாமா. பொறவு, படம் வரையறதுக்குத் தனியா ஒரு பரிட்சை இருக்குதாமா. சேலத்துல போயி எழுதலாமா.”

அறிவுமதி சேலத்துக்குப் போய் எழுதினாள். சந்தைக்கடையில் மழை பெய்யும்போது மேலேயிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று வரையச் சொன்னார்கள். தார்ப்பாய்களையும் அவற்றின் நடுவே தேங்கிய தண்ணீரையும் வரைந்தாள். மதிப்பெண் நன்றாகவே வந்தது. கலந்தாய்வில் சேலம் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. அப்பா வாங்கிக் கொடுத்த பெரிய வரைபலகையைத் தூக்கிக்கொண்டு முதல் நாள் பேருந்தில் ஏறியபோது, “இதென்ன கதவா?” என்று நடத்துநர் கேட்டார். பேருந்து முழுக்கச் சிரித்தது. சேலம் வரும்வரை அவள் தலை நிமிரவில்லை.

வரைவதில் அவளுக்குச் சிரமமே இருந்ததில்லை. கணக்குதான் படுத்தியது. பன்னிரண்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்து எழுதித் தேறிய கணக்கு, மூன்றாம் வருடத்து ஸ்ட்ரக்சர்ஸ் தாளில் அவளைக் கைவிட்டது. கொரோனா வந்த சமயம் தேர்வை வீட்டிலிருந்தே எழுதச் சொன்னார்கள். அப்போது நின்றுபோன பாடங்களிலெல்லாம் எல்லோரும் தேறிவிட்டார்கள். இவள் எழுதி முடித்த தாள்களைப் படமெடுத்து அனுப்பும் நேரத்தில் சிக்னல் போய்விட்டது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி அழுதாள். நேரம் முடிந்தபோது பதினான்கு பக்கத்தில் ஐந்து பக்கம்தான் போயிருந்தது.

கூடப் படித்தவர்கள் 2021இல் பட்டம் வாங்கிப் போனார்கள். அறிவுமதி திருச்செங்கோட்டில் வெள்ளியங்கிரி என்பவரின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வெள்ளியங்கிரி டிப்ளமோ இஞ்சினியர். இருபது வருடமாக அந்த வட்டாரத்தில் வீடும் கோழிப்பண்ணையும் கல்யாண மண்டபமும் கட்டிக் கொடுக்கிறவர். ஆண்டிக்குப் பாதிக்கு மேல் வேலை அவரிடமிருந்துதான் வந்தது.

“ஒரு பாடந்தான, அது கெடக்குது. நீ வா கண்ணு, வரையறதுக்கு எனக்கு ஆளில்ல” என்று அவர்தான் கூப்பிட்டார். தேர்வு சமயங்களில் கேட்காமலே விடுமுறை கொடுத்தார். அவளுடைய வரைபடங்களைப் பெரிய புள்ளிகளிடம் விரித்துக் காட்டி, “நம்ம மேஸ்திரி மக போட்டதுங்க” என்று பெருமையாகச் சொல்வார். அந்த நன்றி அறிவுமதிக்கு இருந்தது. பின்னால் அவளை மிகவும் வதைத்ததும் அதுதான்.

ஆறாவது முறையாக 2023 நவம்பரில் அந்தத் தேர்வை எழுதினாள். இதில் போனால் அடுத்த ஏப்ரல் ஒன்றுதான் மிச்சம். அதோடு எட்டு வருடம் முடிந்துவிடும். பிப்ரவரியில் தேர்வு முடிவு வந்தபோது கைப்பேசியைச் சின்னாயியிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள்.

“எனக்கு இங்கிலீசு எங்கடி தெரியும்?” என்றாள் சின்னாயி.

“ஆர்னு ஒரு எழுத்து, ஏன்னு ஒரு எழுத்து. அது ரெண்டும் சேர்ந்து இருக்குதா பாரும்மா.”

சின்னாயி கைப்பேசியைத் தள்ளிப் பிடித்தும் கிட்டே பிடித்தும் பார்த்தாள். “அப்பிடி ஒண்ணுங்காணமே. பி-னு ஒண்ணு இருக்குது.”

பி என்றால் தேறிவிட்டாள் என்று அர்த்தம். அறிவுமதி நம்பவில்லை. பக்கத்தை மூடித் திறந்து, பதிவு எண்ணைச் சரிபார்த்து, மறுநாள் கல்லூரிக்கே போய் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் அப்பாவிடம் சொன்னாள்.

பட்டம் வாங்கினால் மட்டும் ஆர்க்கிடெக்ட் ஆகிவிட முடியாது. தில்லியில் இருக்கும் கவுன்சிலில் பெயரைப் பதிந்து எண் வாங்க வேண்டும். எண் வரும்வரை அந்தப் பட்டப்பெயரைப் போட்டுக்கொள்வதே சட்டப்படி குற்றம். ஏப்ரலில் இணையத்தில் விண்ணப்பித்தாள். மூன்று வாரம் கழித்துக் கேள்வி ஒன்று வந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் அவள் பெயரில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து. இருவரும் ஒருவர்தானா என்று கேட்டிருந்தார்கள்.

எட்டு வருடம் ஓடித் தப்பித்து வந்தும் ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டோமோ என்று தோன்றியது. திருச்செங்கோடு நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, இரண்டு பெயரும் என்னையே குறிக்கும் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, முத்திரை வாங்கி அனுப்பினாள். அதற்குப் பின் தினமும் காலையில் கண் விழித்ததும் மின்னஞ்சலைத்தான் பார்த்தாள்.

அந்த நாட்களில்தான் வெள்ளியங்கிரி அலுவலக வாசலில் புதுப் பலகை மாட்டினார். அவர் பெயருக்குக் கீழே ‘ஆர்க்கிடெக்ட் ஆ. அறிவுமதி’ என்று சிவப்பில் எழுதியிருந்தது.

“சார், எனக்கு இன்னும் நம்பர் வரலீங்க. இதைப் போடக் கூடாதுங்க.”

“வந்துருமல்ல? எவன் வந்து பாக்கப் போறான் இங்க?”

அறிவுமதி மறுநாள் எட்டு மணிக்கே வந்து, அந்த ஒரு சொல்லின் மேல் மட்டும் செய்தித்தாளை ஒட்டினாள். வெள்ளியங்கிரி பார்த்துச் சிரித்துவிட்டுக் கிழித்துப் போட்டார். அதற்கடுத்த நாள் மறுபடி ஒட்டினாள். மூன்றாம் முறை அவர் கிழிக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஜூலை மாதம் ஒரு மத்தியானம், பண்ணைக் கொட்டகை ஒன்றுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது எண் வந்துவிட்டது. கோழிகளின் கத்தலுக்கு நடுவே அந்த மின்னஞ்சலை அவள் நான்கு முறை படித்தாள். ஆண்டி அன்று தேன்மிட்டாய் வாங்கிக்கொண்டு போய் ஒன்பது பேருக்கும் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலையில் வெள்ளியங்கிரி அவள் மேசை மேல் ஒரு கட்டு வரைபடங்களை வைத்தார்.

“இதுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுரு கண்ணு. இதுவரைக்கும் ஈரோட்டு ஆளு ஒருத்தரு போட்டுக் குடுத்துட்டிருந்தாரு. இனி நம்ம ஊட்டுலயே ஆளு இருக்குதல்ல.”

மேலே இருந்தவை வீடுகள். அவள் வரைந்தவைதான். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஏழாவது வரைபடத்தில் நின்றாள். நாமக்கல் சாலையில் ஒரு தனியார் பள்ளிக்குக் கட்டிக்கொண்டிருந்த பெண் பிள்ளைகள் விடுதி அது. தரைத்தளமும் மேலே மூன்று மாடியும். மாடிக்கு இருபது அறை, அறைக்கு நான்கு பேர். மேலே மட்டும் இருநூற்று நாற்பது பிள்ளைகள் தூங்கப் போகிற கட்டடம். போன வருடம் அவள்தான் அதை வரைந்தாள். மேற்கே ஒரு படிக்கட்டும் கிழக்கே ஒரு படிக்கட்டும் வைத்திருந்தாள். இப்போது மேசையில் இருந்ததில் கிழக்குப் படிக்கட்டைக் காணோம். அந்த இடத்தில் நடைபாதையின் வாயை அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் இரண்டு அறைகள் இருந்தன.

“சார், இதுல ஒரு படிக்கட்டு இல்லீங்களே.”

“பள்ளிக்கூடத்துக்காரங்க வேண்டாம்னுட்டாங்க. ரூம் பத்தலியாமா.”

“இத்தன புள்ளைங்களுக்கு ஒரு படிக்கட்டு போதாதுங்க சார். ரெண்டு வேணும்னுதான விதியே இருக்குது. ஒரு பக்கம் தீப்புடிச்சா மறுபக்கம் எறங்கறதுக்கு வழி வேணுமில்லீங்களா?”

“அனுமதிக்கு ஆபீசுல குடுக்கற ப்ளான்ல ரெண்டு படிக்கட்டு காட்டியிருக்குது பாரு, அடியில இருக்குது. நீ அதுல போடு. கட்டறதுதான் இது.”

அறிவுமதி அடியிலிருந்த வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள். தான் வரைந்த அதே இரண்டு படிக்கட்டுகள். கட்டப்போவது ஒன்று, கையெழுத்து இன்னொன்றில்.

“நான் யோசிச்சுச் சொல்றேனுங்க சார்.”

“இதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்குது?” என்றார் வெள்ளியங்கிரி. கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

அந்த விடுதியில் சென்ட்ரிங் வேலை ஆண்டியினுடையது. அன்று சாயங்காலம் அவர் கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் அறிவுமதி விஷயத்தைச் சொன்னாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இத்தன நாளு அந்த ஈரோட்டுக்காரரு போட்டாருல்ல. அவருக்கு என்ன ஆயிப்போச்சு?”

“இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலப்பா.”

“நாளைக்கு ஏதாச்சும் ஆனா?”

“என்னையத்தான் கேப்பாங்க. என்னோட நம்பர எடுத்துருவாங்க. அது கெடக்கட்டும். உள்ள இருக்கற புள்ளைங்க...”

“போட்டுரு சாமி” என்றார் ஆண்டி. “நெம்ப நாளா நம்மள வெச்சுப் பாத்த மனுசன். என்னைய நம்பி ஒம்போது ஊடு இருக்குது.” சொல்லிவிட்டு மகளின் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார்.

மூன்று நாள் அவள் கையெழுத்துப் போடாமல் தள்ளிக்கொண்டே வந்தாள். அளவு சரிபார்க்க வேண்டும் என்றாள், அச்சுத் தெளிவாக இல்லை என்றாள். தூக்கம் விட்டுப்போனது. கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும் மை காயவில்லை என்பதாகவும் ஒரு கனவு வந்தது. நான்காம் நாள் வெள்ளியங்கிரி பேனாவை எடுத்து நீட்டியபோது, “விடுதிக்கு மட்டும் நான் போட முடியாதுங்க சார்” என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “சரி கண்ணு. உன்ற விருப்பம்.”

அடுத்த வாரம் இரண்டாவது மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போட்டு முடித்ததும், மேலே வேறு ஆளை வைத்துச் செய்துகொள்கிறோம் என்று ஆண்டிக்குச் செய்தி வந்தது.

ஒன்பது பேரில் ஐந்து பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். வாசலில் உட்கார்ந்து, ஏன் மேஸ்திரி, என்ன தப்பு வந்தது, அளவு மாறிப்போச்சா என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். “தப்பொண்ணுமில்லப்பா, வேற வேல பாத்துக்கலாம்” என்றார் ஆண்டி. மகளைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. உள்ளே கதவோரம் நின்றிருந்த அறிவுமதிக்கு, அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. தான் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் இவர்கள் எல்லோரும் இந்நேரம் வேலையில் இருந்திருப்பார்கள் என்ற நினைப்பு நாளெல்லாம் குடைந்தது. போடாமல் விட்டதால் மட்டும் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நல்லது நடந்துவிட்டது? ஈரோட்டுக்காரர் போடுவார். ஒற்றைப் படிக்கட்டோடு கட்டடம் எழும்பத்தான் போகிறது.

அவள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்து வரைந்தாள். கட்டடத்தின் கிழக்குப் பக்கம் காலி இடம் தாராளமாகக் கிடந்தது. நடைபாதையின் முடிவில் மாடிக்கு ஒரே ஒரு அறையை எடுத்துவிட்டால், வெளியே இரும்பில் ஒரு படிக்கட்டு நிறுத்தலாம். மேல் மாடிகளின் சுவர்கள் இன்னும் எழும்பவில்லை. இப்போது செய்தால் எதையும் இடிக்க வேண்டியதில்லை. அதைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கே போனாள்.

பள்ளி ஒரு குடும்பத்தினுடையது. விடுதிகளையெல்லாம் பார்த்துக்கொண்டது அந்த வீட்டு வசந்தாமணி. அறுபதை நெருங்கிய பெண்மணி. மேசையில் காய்கறிப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“யாரு ஊட்டுப் புள்ள நீ?”

“சென்ட்ரிங் ஆண்டி மகளுங்கம்மா. வெள்ளியங்கிரி சார் ஆபீசுல இருக்கறனுங்க. உங்க ஆஸ்டலை நாந்தானுங்க வரைஞ்சேன்.”

வசந்தாமணி அவளை மேலும் கீழும் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை. “கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்ன புள்ள நீதானா?”

“ஆமாங்கம்மா.” வரைபடத்தை மேசையில் விரித்துப் படிக்கட்டைக் காட்டினாள்.

“எத்தன ரூம் போவும்?”

“மூணு ரூமுங்க.”

“பன்னெண்டு புள்ளைங்க.” வசந்தாமணி உதட்டைச் சுழித்தார். “ஏம்புள்ள, பழைய ஆஸ்டல்ல இருவது வருசமா ஒரே படிக்கட்டுத்தான். எவளும் உழுந்து சாகல. தெனமும் எறங்கிப் பிரேயருக்கு வந்துட்டுத்தான இருக்கறாளுக?”

“எறங்கறதுக்கு எத்தன நேரம் ஆகுதுங்கம்மா?”

“அத யாரு பாத்தா?”

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலேமுக்காலுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. பிள்ளைகள் சாயங்கால டீக்கு இறங்குகிற நேரம் அது என்று வரும்போதே காவலாளியிடம் கேட்டுவைத்திருந்தாள். “ஒரு அஞ்சு நிமிசம் வந்து பாக்கறீங்களாம்மா?” என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகத் தானே பயந்து நின்றாள். வசந்தாமணிக்கு எரிச்சல்தான். ஆனாலும் எழுந்து வந்தார்.

பழைய விடுதியின் படிக்கட்டுக்கு எதிரே இருவரும் நின்றார்கள். மணி அடித்தது. முதல் பிள்ளை வெளியே வந்ததும் அறிவுமதி கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டாள். முதல் இரண்டு நிமிடம் பிள்ளைகள் பேசிச் சிரித்தபடி இறங்கினார்கள். பிறகு மூன்று மாடியும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ள, திருப்பத்தில் கூட்டம் நின்றுபோனது. மேலேயிருந்து தள்ளினார்கள். செருப்பு கழன்ற ஒரு பெண் குனிந்தாள். பின்னால் வந்தவள் அவள் முதுகில் மோதிச் சரிய, அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். பிறகு அவர்களே சிரித்தார்கள். கடைசிப் பிள்ளை வெளியே வந்தபோது ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

“டீ குடிக்கறதுக்கு எவ அவசரமா எறங்குவா? அதான் நேரமாவுது” என்றார் வசந்தாமணி.

“அவசரமில்லாம எறங்கறப்பவே இப்படிங்கம்மா.”

வசந்தாமணி செருப்பு கழன்ற பெண்ணைக் கூப்பிட்டு முழங்காலைப் பார்த்தார். தோல் உரிந்திருந்தது. “போயி மஞ்சத்தூள் வெய்யி” என்று அனுப்பினார். பிறகு அறிவுமதியிடம், “அந்தப் படத்த இங்கயே வெச்சுட்டுப் போ” என்றார்.

அதற்குப் பிறகு இருபத்தாறு நாள் எந்தச் சத்தமும் இல்லை. அறிவுமதி மறுபடி அலுவலகத்துக்குப் போகவில்லை. தன்னைத் தாண்டிப் பள்ளிக்காரர்களிடம் போனாள் என்று வெள்ளியங்கிரிக்குத் தெரிந்திருக்கும். அவர் முகத்தில் விழிக்க அவளுக்குத் தைரியமில்லை. ஆண்டிக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வேலை கிடைத்தது. ஒன்பது பேரில் நாலு பேர் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். போகிற அன்று ஒருவரின் மனைவி சின்னாயியிடம் மில்லில் வைத்து, உன் மகள் படிப்பால் என் வீட்டுக்காரர் ஊர் விட்டுப் போகிறார் என்று சொல்லியிருக்கிறாள். சின்னாயி அதை வீட்டில் வந்து சொல்லிவிட்டு, சொன்னதற்காக அழுதாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளியங்கிரியின் பைக் வாசலில் வந்து நின்றது. அறிவுமதி கதவோரம் வந்து நின்றாள். ஆண்டி வெளியே போய், “வாங்க சார்” என்றார். அவர் பைக்கை விட்டு இறங்கவில்லை.

“அந்தம்மா உன்ற படத்தையே கட்டச் சொல்லீட்டாங்க. இரும்புப் படிக்கட்டு. நீதான் கையெழுத்துப் போடோணுமாமா. வேற ஆள் போட்டா ஆகாதாமா.” அறிவுமதியைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். “நீ என்ற கிட்டச் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம்.”

“பயமா இருந்துச்சுங்க சார்.”

“எனக்கும் பொழப்புன்னு ஒண்ணு இருக்குதல்ல” என்றார் அவர். பிறகு ஆண்டியிடம், “நாளைக்கு ஆள இட்டுட்டு வந்துரு மேஸ்திரி. மூணாவது மாடி நிக்குது” என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.

அறிவுமதி உடனே கையெழுத்துப் போடவில்லை. இரும்புப் படிக்கட்டின் பாரக் கணக்கு அவளுக்குப் பயமாக இருந்தது. ஆறு முறை எழுதித் தேறிய பாடம் அது. சேலத்தில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியரிடம் கொண்டுபோய்க் கொடுத்துக் கணக்குப் போட்டு வாங்கினாள். அவர் போட்டதைத் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தாள். விடை ஒன்றாக வந்தது. அதற்குப் பிறகுதான், காகிதத்தில் இருந்ததும் கட்டப்போவதும் ஒன்றாக இருந்த அந்த வரைபடத்தில், தன் பெயரையும் எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அது அவளுடைய முதல் கையெழுத்து. சந்தோஷமாக இருக்கும் என்று எட்டு வருடமாக நினைத்திருந்தாள். இனி இது என் தலையில் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது.

வெள்ளியங்கிரி அலுவலகத்துக்கு அவள் திரும்பவில்லை. அவரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மல்லசமுத்திரத்தில் ஒரு சின்ன அறையில் தனியாகத் தொழிலை ஆரம்பித்தாள். வீடு கட்டுகிற ஓரிருவர் வந்தார்கள். பெங்களூர் போன நால்வரில் ஒருவர் மட்டும் திரும்பினார். மற்றவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். அதை நினைத்தால் அவளுக்கு இப்போதும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அடுத்த ஜூனில் விடுதி திறந்தது. ஜூலையில் ஒருநாள் பேருந்தில் அந்தப் பக்கம் போனபோது கிழக்குப் பக்க இரும்புப் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். அடியிலிருந்த கதவில் பெரிய பூட்டு ஒன்று தொங்கியது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வேகமாகத் திரும்பி நடந்தாள். மேலே மூன்று மாடியின் கதவுகளிலும் பூட்டு.

“பொம்பளப் புள்ளைங்க இருக்கற எடமுங்க” என்றார் வார்டன். “தொறந்து போட்டா நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அறிவுமதி வசந்தாமணியிடம் போனாள். இந்த முறை அவர் நாற்காலியைக் காட்டினார். உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும், வெளியேயிருந்து யாராலும் திறக்க முடியாது என்கிற மாதிரித் தாழ்ப்பாள் கிடைக்கிறது என்று விளக்கினாள்.

“இன்னும் என்னென்ன வெச்சிருக்கற நீ?” என்று அலுத்துக்கொண்டாலும் வசந்தாமணி வாங்கி மாட்டச் சொன்னார். பத்து நாளில் நான்கு கதவிலும் மாட்டிவிட்டார்கள்.

சரிபார்க்க வந்த அன்று அறிவுமதி மூன்றாம் மாடிக் கதவை நான்கு முறை தள்ளிப் பார்த்தாள். நடைபாதையில் நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு பெண்ணைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னாள். லேசாகத் தள்ளியதுமே திறந்தது. பிறகு இரண்டாம் மாடிக்கு வந்தாள், அதுவும் திறந்தது. அடியிலிருந்த கதவையும் தள்ளிப் பார்த்தாள். வார்டன் டீ கொண்டுவரச் சொன்னார். குடித்துவிட்டுப் பேருந்து ஏறினாள்.

பேருந்து நான்கு கிலோமீட்டர் போயிருக்கும். முதல் மாடிக் கதவைத் தள்ளிப் பார்த்தோமா என்று சந்தேகம் வந்தது. மூன்றாவதைப் பார்த்தது நினைவிருந்தது, இரண்டாவதும் நினைவிருந்தது. முதல் மாடியில்தான் யாரோ பேச்சுக் கொடுத்தார்கள். பார்த்திருப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எழுந்து நடத்துநரிடம் சொல்லி வண்டியை நிறுத்தினாள். இறங்கிச் சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் வருகிற பேருந்துக்குக் காத்து நின்றாள்.